சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும் முடிச்சு: வீட்டு கான்ட்ராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர்கள், இன்டீரியர் வேலை எடுப்பவர்கள், அவர்களிடம் சப் எடுத்துச் செய்யும் ஃபால்ஸ் சீலிங் மேஸ்திரிகள், ஒயர்மேன்கள்.

வணக்கம்.

உங்கள் கொட்டேஷனில் டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு, பெயின்ட் எத்தனை கோட், லைட் பாயின்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. ஒயர் எந்தக் கம்பெனி, ஸ்விட்ச் எந்தக் கம்பெனி என்றும் இருக்கிறது. ஸ்விட்ச் போர்டிலிருந்து மேலே வரும் ஒயரும் விளக்கிலிருந்து தொங்கும் ஒயரும் சந்திக்கும் இடத்தில் என்ன வைப்பீர்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதனால் கடைசி நாளில் ஏணி மேல் நிற்கும் பையன், பாக்கெட்டில் இருப்பதை வைத்து வேலையை முடிக்கிறான். பாக்கெட்டில் இருப்பது ஒரு கட்டிங் பிளேயரும் ஒரு டேப் சுருளும். முறுக்கி, டேப் சுற்றி, மேலே தள்ளி, விளக்கைச் செருகி ஸ்பிரிங்கை விட்டுவிட்டால் வேலை முடிந்தது. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு யாரும் கனெக்டர் வாங்கித் தரவில்லை.

இதை மின்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுத ஒரு காரணம் உண்டு. புதிய வீட்டுக்கு சர்வீஸ் வாங்கும்போது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரின் கையெழுத்தோடு டெஸ்ட் ரிப்போர்ட் போகிறது. ஃபால்ஸ் சீலிங் பெரும்பாலும் அதற்குப் பிறகு, கிரகப்பிரவேசத் தேதி நெருக்கும்போது வருகிறது. அதற்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது, யாரும் மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பதும் கிடையாது. எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஈ.பி.; மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஜிப்சம் பலகைக்கு மேலே என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

முறுக்கு ஜாயின்ட் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருந்தது உண்மை. ஐ.டி.ஐ.யில் சொல்லித் தரும் பிக்டெயில், மேரீட், பிரிட்டானியா ஜாயின்ட்டுகளில் இறுக்கமாகச் சுற்றுவதோடு சால்டர் வைப்பதும் சேர்ந்துதான் வந்தது. சைட்டுக்கு வரும் வழியில் சால்டர் விழுந்துவிட்டது, முறுக்கு மட்டும் மிஞ்சியது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒயரில் வந்தது. அன்று முறுக்கியது 3/22 ஒயரையும் (22 கேஜ் கம்பி மூன்று) 3/22 ஒயரையும். இரண்டும் ஒரே கனம், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இன்று மேலிருந்து வருவது 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.), 22 இழை. எல்.இ.டி. பேனலுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சிறு பெட்டியான டிரைவரிலிருந்து வருவது 0.5 ஸ்கொயர் அல்லது அதற்கும் மெல்லிய ஒயர். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் தடித்தது நேராகவே நிற்கும், மெல்லியது மட்டும் அதைக் கொடி போலச் சுற்றிக்கொள்ளும். டிரைவரைக் கொஞ்சம் இழுத்தால் உறை கழன்று வருவதுபோல வந்துவிடும். டேப்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

டேப் எவ்வளவு நாள் தாங்கும்? மொட்டை மாடி ஸ்லாபுக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவில் காற்றோட்டம் இல்லாத ஒரு சந்து. அக்னி நட்சத்திரத்தில் ஸ்லாபின் அடிப்பக்கம் தொட்டால் சுடும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும், பிறகு காய்ந்துபோகும். சுற்றின் கடைசி முனை முதலில் எழும்பும். நாளடைவில் முழுச் சுருளும் தளர்ந்து, உள்ளே செம்பு தெரியும்.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. எட்டு பேனல், ஆளுக்கு 12 வாட் என்றால் மொத்தம் 96 வாட், அரை ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான். இந்த அளவுக்கு முடிச்சு உருகிவிடும் என்று பயமுறுத்த மாட்டோம். ஆனால் சைட்டில் நடப்பது வேறு. சீலிங் திறந்திருக்கிறதே என்று பக்கத்து அறை போர்டுக்கும் நியூட்ரல் அதே முடிச்சிலிருந்து இழுக்கப்படுகிறது. அந்த போர்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் செருகினால் சுமார் 4.3 ஆம்பியர் ஓடும். தளர்ந்து கறுத்த முடிச்சின் தடை 1.3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, தடையால் பெருக்கினால் 24 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். அதாவது சீலிங்குக்குள், டேப்புக்குள், ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்துவிட்டு வீட்டுக்காரர் சட்டை தேய்க்கிறார். அந்த முடிச்சில் குறையும் வோல்டேஜ் ஐந்தரை வோல்ட் சொச்சம்தான். 230-இல் அது கண்ணுக்குத் தெரியாது. சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அணையும் எம்.சி.பி. ட்ரிப் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. 4.3 ஆம்பியர் அதற்கு நியாயமான லோடு. கசிவைப் பார்த்து அணையும் ஆர்.சி.சி.பி.யும் ஆகாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை, போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறது. இரண்டு காவல்காரர்களும் விழித்திருக்க, நடுவில் முடிச்சு மட்டும் வேகும். தளர்ந்த இணைப்புக்கு வீட்டு போர்டில் உள்ள எந்தச் சாதனமும் மருந்து இல்லை. முதலிலேயே ஒழுங்காகப் போடுவதுதான் வழி.

சூடு ஏறாத இடத்திலும் தளர்ந்த முடிச்சு சும்மா இருக்காது. தொட்டும் தொடாமலும் இருக்கும்போது பொறி விடும், அந்தத் துடிப்பு டிரைவரின் உள்ளே இருக்கும் பாகங்களை அடிக்கும். விளக்கு சிமிட்டும், ஒரு மாதத்தில் போகும். வீட்டுக்காரர் கடையில் சண்டை போட்டு வாரன்டியில் மாற்றுவார், அதுவும் போகும். மூன்றாவது முறை வேறு கம்பெனி வாங்குவார். ஒரே துளையில் திரும்பத் திரும்ப விளக்கு போனால் விளக்கை மாற்றாதீர்கள், அந்தத் துளைக்கு முந்தைய முடிச்சைத் திறந்து பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை கூடுதலாக உண்டு, உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் இரும்பு ஆணி எத்தனை நாளில் துருவேறும் என்று உங்களுக்கே தெரியும். செம்பும் தப்பாது; முறுக்கின் இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடத்தில் தொடுகை குறையும், தடை கூடும், சூடு கூடும், சூட்டில் களிம்பு இன்னும் வேகமாக ஏறும். இதன் மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்த வீடுகளில் ஸ்லாபுக்குள் இறங்கிய ஈரம் பைப் வழியாக சீலிங் பாக்ஸுக்கு வந்து சேரும், ஏனென்றால் ஸ்லாபில் பதித்த பைப்பின் கீழ்நோக்கிய வாய் அங்கே இருக்கிறது. மழை நாளில் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டால், சிலர் அதை பைபாஸ் செய்து ‘சரி பண்ணிவிட்டு’ வருகிறார்கள். ஈரமான முடிச்சு எர்த்துக்குக் கசிகிறது என்று அது சொன்ன சேதியை, வாயைப் பொத்தி அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தால், எந்த லைன் என்று ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் பிரித்துப் பார்த்து, அந்த லைனின் சீலிங் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

சரி, டேப்புக்குப் பதில் என்ன? எங்கள் முதல் தேர்வு லீவர் கனெக்டர். வேகோ 221 வரிசையும் அதைப் போன்றவையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற நெம்புகோலைத் தூக்கி, ஒயரைச் செருகி, அழுத்தி மூடுவது. 2, 3, 5 ஒயர் போகிற மாதிரி கிடைக்கிறது. பன்னிழை ஒயரில் 0.2 முதல் 4 ஸ்கொயர் வரை ஒரே கனெக்டர் பிடிக்கும், அதனால் 1.5-உம் 0.5-உம் சேரும் நம் பிரச்சினைக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல. உறையைச் சரியாக 11 மி.மீ. உரிக்க வேண்டும், கனெக்டரின் பக்கவாட்டிலேயே அளவு அச்சிட்டிருக்கும், அதில் வைத்துப் பார்த்து உரியுங்கள். குறைவாக உரித்தால் பிடி உறை மேல் விழும். அதிகமாக உரித்தால் செம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செருகுமுன் இழைகளை லேசாக ஒருமுறை சேர்த்துத் திருகினால் போதும். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஒயர் கடைசி வரை போயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பார்த்த பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். சந்தையில் இதே உருவத்தில் மலிவு சரக்கும் குவிந்து கிடக்கிறது; ஆம்பியர், வோல்டேஜ், ஒயர் அளவு எதுவும் உடலில் பொறிக்காத கனெக்டரைத் தொடாதீர்கள்.

அது கிடைக்காத இடத்தில் பழைய ஸ்க்ரூ கனெக்டர் ஸ்ட்ரிப்பே போதும், ஆனால் அதற்குக் கை பழக வேண்டும். மெல்லிய ஒயரைச் செம்போடு இரண்டாக மடித்துச் செருகுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ பக்கத்தில் வழுக்கி ஓரிரு இழையை மட்டும் கடிக்கும். முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு, பிளேயரால் நசுக்கி கிரிம்ப் செய்தால் இன்னும் நல்லது. முனைக்கு ஈயம் பூசிச் செருகுவது வேண்டாம்: ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், இன்று இறுக்கியது ஆறு மாதத்தில் ஆடும். ஸ்க்ரூ உறையைக் கடிக்காமல் செம்பைக் கடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கை விட்டு எடுக்குமுன் மறுபடி ஒரு கால் சுற்று. இழை அறுந்துபோகும் அளவுக்கு மல்லுக்கட்டவும் கூடாது.

எந்தக் கனெக்டரானாலும் அது மூடி போட்ட பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். பாக்ஸ் ஸ்லாபிலோ சுவரிலோ ஸ்க்ரூ போட்டு நிற்க வேண்டும், ஜிப்சம் பலகை மேல் சும்மா கிடக்கக் கூடாது. பாக்ஸிலிருந்து விளக்குத் துளை வரை ஃப்ளெக்சிபிள் பைப். துளைக்கு வெளியே ஒரு முழம் ஒயர் தொங்க விடுங்கள்; பிறகு விளக்கு மாற்ற வருகிறவன் இரண்டு விரலை மேலே விட்டுக் குருடன் தடவுவதுபோலத் தடவ வேண்டியிராது. பாக்ஸ் இருக்கும் இடம் ஏதாவது ஒரு விளக்குத் துளை வழியாகக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பலகையை உடைத்தால்தான் எட்டும் என்றால் அது இல்லாத பாக்ஸுக்குச் சமம்.

ஃபால்ஸ் சீலிங் மேஸ்திரிகளுக்கு ஒரு வார்த்தை தனியாக. பலகையைத் தாங்கும் தகரச் சட்டமான ஜி.ஐ. சேனலின் வெட்டு முனை பிளேடு மாதிரி. ஒயரை அதன் மேல் போட்டு இழுத்தால் உறை கிழியும். சேனலோடு சேர்த்துக் கட்டினால் பலகை அடிக்கும் 25 மி.மீ. ஸ்க்ரூ ஒயருக்குள் இறங்கும். ஸ்க்ரூ ஃபேஸில் இறங்கினால் அந்த ஒரு சேனல் மட்டுமல்ல, ஒன்றோடொன்று ஸ்க்ரூ போட்ட மொத்தச் சட்டமும் 230 வோல்ட். எர்த் இல்லாததால் எதுவும் ட்ரிப் ஆகாது. பிறகு ஸ்பாட் லைட் மாற்ற வருகிறவன் கையில் சட்டம் படும்போதுதான் தெரியும். ஒயர் முழுவதும் பைப்புக்குள், பைப் ஸ்லாபோடு ஒட்டி, சட்டத்தைத் தொடாமல். முடிந்தால் சட்டத்தையும் எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

எர்த் விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் மோசம். பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இழுப்பார்கள், லைட் பாயின்ட்டுக்கு இரண்டே ஒயர். உலோக உடல் கொண்ட ஷான்டிலியரும் அலங்கார விளக்கும் தொங்கும்போது பச்சை ஒயரைக் கட்ட இடமில்லாமல் வெட்டி விடுகிறார்கள். அதிலும் கொடுமை, சிலர் அதை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். போர்டு பக்கம் நியூட்ரல் என்றைக்காவது விட்டுப்போனால், விளக்கின் உள்ளே வழியாக வரும் ஃபேஸ் நேராக உடலுக்கு வந்து உட்காரும். இதைச் செய்வதைவிட வெட்டி விடுவதே மேல் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சரியான வழி இரண்டுதான். ஒன்று, அதே பைப்பில் 1.5 ஸ்கொயர் பச்சை ஒயர் ஒன்றை இழுங்கள். இழுக்க முடியாத பழைய வீடு என்றால், சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும் விளக்கை வாங்கச் சொல்லுங்கள். அது இரட்டை இன்சுலேஷன், எர்த் கேட்காது. எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். விளக்கு பிடி தவறி ஒயரில் தொங்கினால் எர்த் கடைசியாக அறுபடட்டும்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். விளக்கோடு வரும் ஒயரில் பல நேரம் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வீட்டில் மேலிருந்து வரும் நீலம் ஃபேஸ், கீழிருந்து வரும் நீலம் நியூட்ரல். நிறத்தை நிறத்தோடு சேர்த்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை, ஏனென்றால் விளக்கு எப்படியும் எரியும். மேலிருந்து வரும் ஒயரை டெஸ்ட் லாம்பில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். ஸ்விட்ச் அணைத்த பிறகும் எல்.இ.டி. மின்மினி மாதிரி மங்கலாக எரிந்தால் முதல் சந்தேகம் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருக்கிறார்களோ என்பது. அது இல்லையென்றால் ஸ்விட்சில் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கு, அல்லது மாடிப்படி டூ-வே ஒயர் நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது. அவை இரண்டும் தொல்லை, ஆபத்தில்லை.

ஏணி ஏறுமுன் ஒன்று. எங்கள் பகுதியில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. அதில் கட்டியிருப்பது பெரும்பாலும் லைட்டும் ஃபேனும்தான். மெயினை அணைத்தால் நீங்கள் கை வைக்கப்போகும் அதே லைட் லைனுக்கு இன்வெர்ட்டர் உடனே உயிர் கொடுக்கும். அதுவும் 230 வோல்ட்தான், பேட்டரி என்று அலட்சியம் வேண்டாம். மெயின், அந்த லைனின் எம்.சி.பி., இன்வெர்ட்டர் ஸ்விட்ச், அதன் அவுட்புட் எம்.சி.பி. எல்லாம் அணைய வேண்டும், அணைத்த இடத்தில் ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு அட்டை தொங்க வேண்டும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த மர ஸ்டூலில் நின்றால் அது ஃபேஸிலும் சரியாக ஒளிராது. பக்கத்து ஒயரின் தூண்டலில் செத்த ஒயரிலும் லேசாக ஒளிரும். கரண்ட் இருக்கும் பிளக்கில் ஒருமுறை, வேலை செய்யும் ஒயரில் ஒருமுறை, மறுபடி பிளக்கில் ஒருமுறை. மூன்று முறை பார்த்தால்தான் டெஸ்டர் செத்ததா ஒயர் செத்ததா என்று தெரியும்.

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீடுகளை விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாற்றும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. அங்கே ஸ்லாபில் பாக்ஸ் கிடையாது. மரக்கட்டையில் ரவுண்ட் பிளாக், அதன் மேல் சீலிங் ரோஸ். சில வீடுகளில் பழைய அலுமினிய ஒயர் இன்னும் ஓடுகிறது. அலுமினியத்தையும் செம்பையும் நேரே சேர்த்து முறுக்கினால், கடல் ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே பேட்டரிபோல வேலை நடந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். ஒட்டுப் போடாமல் அந்த லைனையே செம்பில் புதிதாக இழுங்கள். மரக்கட்டையை ஒட்டித் திறந்த முடிச்சு வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீலிங் ரோஸ் ஒரு ஹோல்டரையும் ஷேடையும் தூக்கத்தான். கனமான விளக்குக்கு ஃபேன் கொக்கியோ ஆங்கரோ வேண்டும். ஒயர் கரண்டைத் தூக்கட்டும், விளக்கைத் தூக்கக் கூடாது.

பலகை மூடுமுன் சோதனை. டிரைவர்களையும் இண்டிகேட்டர் ஸ்விட்சுகளையும் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட் மெகரில் ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், ஃபேஸ்-நியூட்ரல் மூன்றும் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது. புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். டிரைவரைக் கழற்றாமல் மெகர் சுற்றினால் டிரைவர் போய்விடலாம், பழி மெகர் மேல் விழும். விளக்கின் உலோக உடலுக்கும் எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியின் எர்த் பட்டைக்கும் நடுவே மல்டிமீட்டரில் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயின்ட், 800 வாட் என்பது தேசிய மின் விதித்தொகுப்பு சொல்லும் உச்சம். எல்.இ.டி.தானே என்று இருபது பாயின்ட்டை ஒரே லைனில் கோக்கும்போது இருபது முடிச்சையும் ஒரே நியூட்ரலில் கோக்கிறீர்கள். முதல் முடிச்சு விட்டால் ஹால் முழுக்க இருட்டு.

செலவு என்று பார்த்தால், ஒரு பாயின்ட்டுக்கு மூன்று கனெக்டர், ஒரு சிறிய பி.வி.சி. பாக்ஸ், இரண்டு ஸ்க்ரூ, அரை அடி பைப். ஆகும் தொகை பெரிதில்லை. வேலை நேரம் டேப் சுற்றுவதைவிடக் குறைவு. இருந்தும் வருவதில்லை, காரணம் அது யார் கணக்கிலும் இல்லை: பாயின்ட் ரேட் பேசிய ஒயர்மேன் ஒயர் வரைக்கும் என்கிறார், சீலிங் மேஸ்திரி பலகை வரைக்கும் என்கிறார், விளக்கு விற்ற கடைக்காரர் பெட்டி வரைக்கும் என்கிறார். மூவரையும் சேர்த்துப் பிடித்திருப்பது உங்கள் கொட்டேஷன் மட்டுமே. அடுத்து நீங்கள் தரும் கொட்டேஷனில், லைட் பாயின்ட் வரிக்குக் கீழே இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்:

“ஒவ்வொரு சீலிங் பாயின்ட்டுக்கும் மூடியுள்ள பாக்ஸ், ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் லீவர் அல்லது ஸ்க்ரூ கனெக்டர், 1.5 ஸ்கொயர் எர்த் ஒயர் ஆகியவை பாயின்ட் ரேட்டில் அடங்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்கும் இருக்காது. பலகை மூடுமுன் ஒவ்வொரு பாக்ஸையும் திறந்த நிலையில் படமெடுத்து, மெகர் அளவுகளோடு வீட்டுக்காரரிடம் தரப்படும். அதற்குப் பிறகே சீலிங் வேலைக்கான இறுதித் தவணை.”

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டு மின்வேலை தெரிந்த சிலர்